ஊசி போடாத 20 நிமிடம்

பாம்பு கடித்தவருக்கு ‘நாஜா 200’ என்ற ஹோமியோபதி மருந்தை 10 நிமிட இடைவெளியில் மூன்று தடவை நாக்கில் விட்டால் பிழைத்துக்கொள்வார் என்றொரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் குடும்பக் குழுவுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். அதை நம்பாதீர்கள் என்று மருத்துவர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் அது திரும்பத் திரும்ப முளைத்து வருகிறது. ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று இதற்குக் காரணம் சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிந்ததே இல்லை. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது தெரியாத ஓர் ஆளை எங்கள் பக்கத்து ஊர்களில் நான் பார்த்ததில்லை. தெரிந்தும் சிலர் போவதில்லை. போனவர்களில் சிலர் பாதியில் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஏன் வந்தீர்கள் என்று அவர்களைக் கேட்ட விழிப்புணர்வு வீடியோ எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பொய்ச் செய்தியைக் கொஞ்சம் உற்றுப் படித்துப் பாருங்கள். என்ன வாங்க வேண்டும், எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம் விட்டு அடுத்த தடவை என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி சொல்லும். நாம் ஒட்டுகிற சுவரொட்டியில் இருப்பதோ ‘பதற்றம் வேண்டாம், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்’ என்ற ஒற்றை வரி. அங்கே போன பிறகு என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரி வாசலோடு நம் தகவல் முடிந்துவிடுகிறது. கடிபட்டவரின் குடும்பத்துக்கு அந்த வாசலில்தான் பயமே ஆரம்பிக்கிறது.

நானும் நண்பர்கள் சிலரும் மதுராந்தகத்தைச் சுற்றியிருக்கிற ஏரிப்பாசன ஊர்களுக்காகச் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள் செய்து அனுப்புகிறோம். எங்களில் ஒருவர் அரசு மருத்துவர். ஒலித்தொகுப்பு என் வேலை. பாட்காஸ்ட் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வது. ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப்பிலும் ஏற்றியும் வைக்கிறோம். அங்கே போய்க் கேட்பவர்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிற படித்தவர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அது வாட்ஸ்அப்பில் வருகிற ‘வாய்ஸ்’, அவ்வளவுதான். மகளிர் குழு, நூறு நாள் வேலைக் குழு, பால் சொசைட்டி குழு என்று கைமாறிப் போகும். போன் பெரும்பாலும் மகனிடமோ மருமகளிடமோ இருக்கும். சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டால் திண்ணையில் நாலு பேர் கேட்பார்கள். மூன்று நிமிட வாய்ஸ் ஒரு எம்.பி. கூட வராது. வீடியோவைப் பார்க்கக் கண்ணும் வேண்டும், டேட்டாவும் வேண்டும். களை எடுக்கும்போதும் மாடு கறக்கும்போதும் காதுக்கு வேலை இல்லை. கேட்கிற சாதனத்தின் மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கை இதிலிருந்து வந்தது.

வேப்பிலையும் கண்ணாடிக் குழாயும்

நவரை அறுவடை முடிந்த சமயம். கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெண்கள்தான் அதிகம். மருத்துவ நண்பர் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் படம் காட்டிப் பேசினார். நம் ஊர் முறிமருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது, குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது என்றார். அந்த நஞ்சு எங்கிருந்து போகிறது தெரியுமா, பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போகிறது என்றதும் பாயில் ஒரு சலசலப்பு. 2023-இல் அந்தச் சங்கத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கியது சிலருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அரசாங்கத்து மருந்தாக இருந்தது அந்த நிமிடத்தில் பக்கத்து ஊர்க்காரர் கை பட்ட மருந்தாகிவிட்டது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின் மேலேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாமே என்று ஒரு பையன் கேட்க, அதற்கு நஞ்சே கிடையாது என்று அவர் சொன்னதை யாரும் முழுசாக நம்பவில்லை.

பிறகு முதலுதவி. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை ஆட்டாமல் கட்டை வைத்துத் தளரக் கட்டி, 108-ஐக் கூப்பிட வேண்டும். வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். இந்த இடத்தில் ஓர் அக்கா நிறுத்தினார்.

“புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மெட்டிய எப்படி சார் கழட்டறது?”

மருத்துவர் இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து இன்னொரு பெண், “ஏங்க்கா, பெரியாஸ்பத்திரில ஆப்பரேசன் பண்ணி புள்ள எடுத்தாங்களே, அப்ப கழட்டி மாமியா கையில குடுக்கல நீ? அந்த மாதிரிதான்” என்றார். விஷயம் முடிந்தது. ரத்த ஓட்டம், திசு அழுகல் என்று எதைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பதில் கொடுத்த தைரியத்தைக் கொடுத்திருக்காது. அந்த இரண்டு குரல்களையும் அப்படியே வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் பதிவுகளில் மிக அதிகம் கைமாறிய துண்டு அதுதான்.

ஆனால் என் தலையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு நடந்த பேச்சு. அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, “நீ சொல்றது சரி தம்பி, போனோமே” என்று ஆரம்பித்தார். அவருடைய தம்பி மகனுக்கு வரப்பில் புல் அறுக்கும்போது காலில் கடி. பாம்பு என்ன பாம்பு என்று பார்க்கவில்லை. பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ரத்தம் எடுத்தார்கள். படுக்க வைத்தார்கள். பிறகு ஒன்றுமே செய்யவில்லை.

“ஊசி போடுங்க, ஊசி போடுங்கன்னு கெஞ்சறோம். ‘இருங்க’ன்றாங்க. ஒரு பாப்பா வந்து பாத்துட்டுப் போவுது, ஒண்ணும் சொல்லல. கூட வந்த ஆம்பளைங்களுக்குக் கோவம் வந்துடுச்சி. ராத்திரியே ஆட்டோ புடிச்சி வைத்தியரு வூட்டுக்கு இட்டுனு போயிட்டாங்க. அவரு வேப்பிலையக் குடுத்து மெல்லச் சொன்னாரு. கசக்குதான்னாரு. கசக்குதுன்னான். அப்ப விஷம் ஏறல, பயப்படாதன்னு சொல்லி மருந்து குடுத்தாரு. இன்னிக்கும் நல்லா கீறான்.”

யாரும் பேசவில்லை. மருத்துவர் பாயில் நகர்ந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “எடுத்த ரத்தத்தை என்ன பண்ணாங்கன்னு பாத்தீங்களா ஆயா?” என்றார். “எங்கியோ ஒரு ஓரமா வெச்சிட்டுப் போயிட்டாங்க.” “அதுதான் ஆயா, எங்களோட வேப்பிலை.”

அவர் விளக்கியது இது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்து நஞ்சு ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் அப்போதைக்கு ரத்தத்தில் கோளாறு இல்லை. தண்ணீராக ஓடினால் முறிமருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது, உறைய வேண்டிய ரத்தம் அதில் உறையாமல் ஏமாற்றிவிடும். முதல் சோதனை நன்றாக இருந்தாலும் நஞ்சு மெதுவாக ஏறலாம் என்பதால் திரும்பத் திரும்பச் செய்து, 24 மணி நேரம் படுக்கையிலேயே வைத்துப் பார்ப்பார்கள். நஞ்சு ஏறிய அடையாளம் இல்லாதவருக்கு ஊசி போடுவதும் ஆபத்து. குதிரையிலிருந்து வந்த மருந்து என்பதால் சிலருக்கு உடம்பு தாங்காமல் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடாகலாம். ‘ஒன்றுமே செய்யாமல்’ இருந்த அந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரி வைத்தியம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மூதாட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: “இத அப்பவே யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன் எழுந்து வரப் போறோம்?”

அந்தப் பையன் பிழைத்தது ஊருக்கு நல்ல செய்தி. அந்தச் செய்தியோடு சேர்ந்து ‘ஆஸ்பத்திரி கைவிட்டதை வைத்தியர் காப்பாற்றினார்’ என்ற கதையும் ஊரில் நிலைத்துவிட்டது. நம்மைக் கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்புகூடச் சில சமயம் நஞ்சை இறக்காமல் கடித்துவிட்டுப் போய்விடும். ஆகவே வேப்பிலை கொடுத்தாலும், மந்திரித்தாலும், நாஜா கொடுத்தாலும் பத்தில் பல பேர் பிழைக்கத்தான் செய்வார்கள். பிழைத்த ஒவ்வொருவரும் ஒரு சாட்சி. செத்தவர்கள் வந்து பேசுவதில்லை. நாஜா செய்தி ஏன் சாகாமல் இருக்கிறது என்ற என் கேள்விக்குப் பாதி விடை இதில் இருந்தது. மீதிப் பாதி, வைத்தியர் தன் சோதனையை நோயாளியின் வாயிலேயே வைத்து, விளக்கி, முடிவையும் அங்கேயே சொன்னார் என்பதில் இருந்தது. ஆஸ்பத்திரியின் சோதனை அதைவிட ஆயிரம் மடங்கு நம்பத் தகுந்தது. ஆனால் அது நடந்ததே குடும்பத்துக்குத் தெரியாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி மருத்துவமனைகள் கணக்குச் சொல்லியாக வேண்டும். மிக நல்ல முடிவு. ஆனால் நேராக வைத்தியர் வீட்டுக்குப் போகிறவர் அந்தக் கணக்கிலும் வர மாட்டார். அவரைக் கணக்குக்குள் கொண்டுவரப் போவது நாம் அவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான்.

மூன்று நிமிடத்தில் என்ன வைப்பது

அன்றைக்கு எடுத்த பதிவிலிருந்து மருத்துவரின் நீண்ட உரையை யூடியூப்புக்கு என்று ஒதுக்கிவிட்டோம். ஊருக்கு அனுப்பியது, மூதாட்டியின் கேள்வியில் தொடங்கும் மூன்று நிமிடம். பெயர் வேண்டாம், குரல் இருக்கட்டும் என்றார் அவர். ஆய்வகத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் போய், குழாயில் ரத்தம் விடுவதிலிருந்து சாய்த்துப் பார்ப்பது வரை செய்துகொண்டே பேசச் சொன்னோம். “இப்ப மணி 7.10. இத அப்படியே வெச்சிடறேன். ஏழரைக்கு வந்து பாப்பேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்.” ஸ்டாண்டில் கண்ணாடி படுகிற சத்தம் அதில் சன்னமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தை அழுக்கு என்று நினைத்து நீக்கப் போன என் கூட்டாளியைத் தடுத்தேன். அது கேட்டால்தான் குழாய் ஒன்று இருக்கிறது என்று நம்புவார்கள்.

கடைசி அரை நிமிடம், காத்திருக்கும் நேரத்தில் குடும்பம் செய்ய வேண்டிய வேலை. இமை தானாக இறங்குகிறதா, எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறாரா, ஈறில் ரத்தம் கசிகிறதா, சிறுநீர் சிவப்பாகப் போகிறதா, வீக்கம் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், ஒன்று தெரிந்தாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால் யாராலும் நிற்க முடியாது. கவனிக்க ஒரு வேலை கொடுத்தால் நிற்பார்கள். நாஜா செய்தியிடமிருந்து நான் வெட்கமில்லாமல் கற்றுக்கொண்ட பாடம் இது.

கட்டுவிரியனுக்குத் தனி வாய்ஸ் போட வேண்டியிருந்தது. அது ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பது. வலி தெரியாது, பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள், பிறகு கண் சொருகும், பேச்சுக் குழறும். அதற்குள் வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்து நேரம் போயிருக்கும். பக்கவாதம் போல உடம்பு செயலிழந்த பிறகு முறிமருந்து அதைத் திருப்பாது. மூச்சை இயந்திரம் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த வாய்ஸில் பாம்பு என்ற சொல்லையே முதலில் வைக்கவில்லை. “தரையில படுத்திருந்தவங்க விடிகாலையில வயித்துவலின்னு எழுந்தா…” என்று தொடங்கினோம். பாம்பு என்று தொடங்கினால், பாம்பைப் பார்க்காதவர் தனக்கில்லை என்று நகர்ந்துவிடுவார். கொசுவலையை மெத்தைக்கடியில், பாய்க்கடியில் செருகிப் படுப்பது கட்டுவிரியனுக்கும் தடுப்பு என்பதையும் சேர்த்தோம்.

தேதியில்லாத குரல்

வாட்ஸ்அப்பில் ஒரு குரலை விட்டுவிட்டால் அது நம் கையில் இல்லை. 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஆக்கினார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் என்றார்கள். அது வேகத்தைக் குறைக்கும். பழைய செய்தி புதுசாக வேஷம் கட்டி வருவதைத் தடுக்காது. அதனால் எங்கள் ஒவ்வொரு வாய்ஸிலும் முதல் வரியிலேயே மாதம், வருடம், எந்தப் பகுதிக்கு என்று சொல்லிவிடுகிறோம். ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் இருக்கிறது என்ற தகவல் ஆறு மாதத்தில் மாறலாம். மாறினால் புது வாய்ஸ் போட்டு, பழையதை நம்ப வேண்டாம் என்று அதிலேயே சொல்கிறோம்.

பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரமும் முக்கியம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்பது நினைவிருக்கும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு 17 அன்று இறந்தார். தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வெளிவந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. முடிவை அவசரப்பட்டுச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நாங்கள் இன்னின்னதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இத்தனை நாளாகும், அடுத்து இன்றைக்குப் பேசுகிறோம்’ என்று நடுவில் சொல்லலாமே. அந்த மாதங்களில் அதுவும் ஊசி போடாத 20 நிமிடம்தான். குழாய் ஓரத்தில் இருந்தது, வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிற மருத்துவர்கள் தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களைக் கேட்கிறேன், பலரும் பொறுப்போடு பேசுகிறார்கள். இருந்தாலும் அவர்களால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. மெட்டி பற்றி அவர்களை யாரும் எதிரே உட்கார்ந்து கேட்க முடியாது. எங்கள் வாய்ஸைக் கேட்பவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். அதில் பேசுகிற அக்காவை அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், நாளைக்கு நடவு வயலில் பார்த்து “நீ சொன்னியே, அது நிஜமா?” என்று கேட்டுவிடலாம். சுகாதாரத் தகவலுக்கு ஆள்கணக்கை விட இந்தத் திரும்பக் கேட்கிற வசதி பெரியது என்று நான் நினைக்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்குகிற திட்டங்களிடம் இதை வாதாடி வாதாடி எனக்கு அலுத்துவிட்டது.

என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எண்கள் இல்லை. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சொன்னதைச் சொல்கிறேன். கடிபட்டவரோடு வருகிறவர்கள் இப்போது “டியூப்ல எத்தன மணிக்கு வெச்சீங்க?” என்று கேட்கிறார்களாம். முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. ஒரு வார்டில் தனியாளாக இத்தனை படுக்கைகளைப் பார்க்கிறவரின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. பிறகு, அவர்கள் கேட்பதற்கு முன்னால் தானே நேரத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த அரை மணி நேரம் யாரும் வந்து கையைப் பிடித்து இழுப்பதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். வாய்ஸ் ஊருக்காகச் செய்தது. அதில் பாதி, ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறவர்களும் கேட்க வேண்டியதாக ஆகிவிட்டது.

இப்போது வரிசையில் இருக்கிற கேள்வி, கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸில் இருக்கும் ஒருவரின் மனைவி கேட்டது. “உயிரு பொழச்சிட்டாரு. எத்தன தடவ இப்படி ரத்தத்த சுத்தம் பண்ணணும், எப்ப மம்பட்டி புடிக்கலாம், அத யாருமே சொல்ல மாட்டேன்றாங்களே?” சிலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். அந்த இரண்டையும் பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடிய சிறுநீரக மருத்துவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சொர்ணவாரி நடவு முடிந்ததும் பதிவு. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒரு நாள் மதுராந்தகம் பக்கம் வந்து பாயில் உட்காரச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.